இறங்கும் காலின் கணக்கு

மேட்டுப்பாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நீலகிரி மலை ரயில்தான் நினைவுக்கு வரும். நான் இருப்பது புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில். வழுதாவூர் சாலையை ஒட்டிய தொழிற்பேட்டை, லாரி முனையம், ஷிப்ட் முடிந்து பைக்கும் சைக்கிளுமாய்க் கலைகிற கூட்டம், இவைதான் எங்கள் ஊர். மலை என்று காட்ட இங்கே ஒன்றும் கிடையாது. மொட்டை மாடியில் ஏறி எந்தப் பக்கம் பார்த்தாலும் அடிவானம் கோடு கிழித்ததுபோல் கிடக்கும். ஏற்றம் வேண்டுமென்றால் ஜிப்மர் பக்கம் கோரிமேட்டுக்கு ஏறும் சாலை. அதுவும் இல்லையென்றால் ஏதாவது மேம்பாலம்.

இந்தச் சமவெளியில் ஓடுகிறவர்கள் மட்டும் ஏராளம். விடியற்காலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் பார்க்கலாம். செம்மண் பாதை பழகியவர்களும் உண்டு. 2008-இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தான் தார்ச்சாலையை விட்டு, மரங்களுக்கு நடுவே செம்மண் தடத்தில் ஓடுவது. அதில் ஓடிப் பழகியவர்களுக்கு அடுத்த ஆசை மலைதான். பக்கத்து மலை செஞ்சி. திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கி.மீ. ஞாயிறு காலை கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

அப்படிப் போய்வந்தவர்களைத் திங்கட்கிழமை பாருங்கள். பத்து, இருபது கி.மீ. ஓடுகிற ஆள்கள். மூச்சில் குறை கிடையாது. ஞாயிறன்று மலை உச்சியில் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டவர்கள். திங்களன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். கேட்டால், "ஏறினது ஒத்துக்கலைங்க" என்பார்கள். ஏறியதில் வந்த வினை அன்று அது. இறங்கியதில் வந்தது. மலை நடையைப் பற்றி அறிவியல் கண்டறிந்தவற்றில் சமவெளிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் மலையைப் பார்த்துவிடலாம். செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். அவற்றை இணைத்து ஓடும் மதில் சுமார் 13 கி.மீ. நீளம். ராஜகிரியின் உச்சி தரையிலிருந்து சுமார் 240 மீட்டர். நீலகிரியோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் இது மண் மூடிய மலை கிடையாது. பாறை மேல் பாறை. பூமியின் ஆழத்தில் இறுகிய கருங்கல், மேலே இருந்த சுமை அரித்துப்போனதும் வெங்காயச் சருகுபோலப் படலம் படலமாக உரிந்தும், விரிசல்களில் பிளந்தும் இந்த உருவத்துக்கு வந்திருக்கிறது. பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து களிமண்ணாகிப் போய்விடும். குவார்ட்ஸ் சிதையாது. அது பருமணலாகப் பாறைச் சரிவின் மேலேயே தங்கிவிடும். ராஜகிரியில் வழுக்கி உட்கார்ந்தவர்களில் பாதிப்பேரை வழுக்கிவிட்டது இந்த மணல்தான். காய்ந்த சுத்தமான பாறையில் நல்ல ரப்பர் அடிப்பாகம் 30 டிகிரிச் சரிவிலும் பிடித்து நிற்கும். அதே பாறையில் ஒரு கைப்பிடி மணல் கிடந்தால் காலுக்கும் கல்லுக்கும் நடுவே அது உருள ஆரம்பித்துவிடும்.

இந்த மலைக்கும் புதுச்சேரிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690-இல் தொடங்கி 1698 வரை முற்றுகையிட்டுத்தான் செஞ்சியைப் பிடிக்க முடிந்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புதுச்சேரியிலிருந்து போன பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. அதில் முன்னின்ற தளபதி புஸ்ஸி. இன்றும் நாம் புஸ்ஸி வீதி என்கிறோமே, அவர்தான். ராஜகிரி உச்சிக்குக் கீழே, சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவைத் தாண்ட ஒரு மரப்பாலம் இருக்கும். அதன் மேல் நின்று கீழே பார்க்கும்போதெல்லாம், இருட்டில் துப்பாக்கியோடு இந்தக் குன்றுகளில் ஏறியவர்களின் தொடையும் கணுக்காலும்தான் எனக்கு நினைவுக்கு வரும். 2025 ஜூலையில் மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 240 மீட்டர் ஏறுகிறார். புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை சுமார் 1,41,000 ஜூல். தசை, எரிக்கிற சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும்; மீதி முக்கால் பங்கு வெப்பமாகிவிடும். ஆகவே உடம்பு எரிப்பது அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 135 கிலோகலோரி அளவில். இவ்வளவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஏற்றத்தின் விலையை உடம்பு உடனுக்குடன், ரொக்கமாகக் கேட்கிறது. உட்கார்ந்து இரண்டு நிமிஷம் மூச்சு விட்டால் கணக்கு தீர்ந்துவிடும்.

இந்த விலையைத் துல்லியமாக அளந்தவர் இத்தாலிய உடலியலாளர் ஆல்பர்ட்டோ மினெட்டி. மலை ஓட்டப் பந்தயங்களில் பழகிய வீரர்களை டிரெட்மில்லில் ஏற்றி, அதைச் செங்குத்தாகச் சாய்த்து, அவர்கள் விடும் மூச்சைச் சேகரித்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார். சமதளத்தில் நடக்க, ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு மீட்டர் தூரத்துக்கு 1.64 ஜூல். நூறு அடி முன்னால் போனால் 45 அடி உயரும் ஏற்றத்தில் அதுவே 17.33 ஜூல், பத்து மடங்குக்கும் மேல். அதே சரிவில் இறங்க 3.46 ஜூல் போதும். 10 சதவீத இறக்கம் என்றால் வெறும் 0.81, சமதளத்தில் நடப்பதில் பாதிதான். மனித நடைக்கு உலகிலேயே மலிவான பாதை அந்த இளஞ்சரிவுதான்.

இதில் ஓட்டக்காரர்களுக்கு ஒரு சேதி. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராட்ஜர் கிராம் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சரிவு 15 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஓடி ஏறுவதைவிட நடந்து ஏறுவதற்குச் சக்தி குறைவாகச் செலவாகிறது என்று தெரிந்தது. குறிப்பிட்ட உயரத்தைக் குறிப்பிட்ட நேரத்தில் எட்ட வேண்டுமானால், 20 முதல் 35 டிகிரி வரையிலான சரிவுதான் சிக்கனமானது என்றும் கண்டார்கள். உலக மலை ஓட்டப் பந்தயங்களில் முதலிடம் வருகிறவர்களே முழங்காலில் கையை ஊன்றி நடப்பதைப் பார்க்கலாம். செஞ்சிப் படிகளில் ஓடித்தான் ஏறுவேன் என்று யாரும் அடம்பிடிக்க வேண்டியதில்லை.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு போதும். இறக்கத்துக்கு வருவோம். சக்திச் செலவு ஐந்தில் ஒரு பங்குதானே, பிறகு ஏன் கால் போய்விடுகிறது?

உச்சியில் நிற்கும்போது அந்த 1,41,000 ஜூலும் உங்கள் உடம்பில் நிலை ஆற்றலாக இருக்கிறது. கீழே வந்து நிற்கும்போது அது இருக்காது. எங்கே போனது? கல் உருண்டால் மோதி மோதிச் செலவழியும். மனிதன் அப்படி உருள முடியாது. ஒவ்வொரு படியிலும் உடம்பு விழப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் தொடையின் முன்பக்கத் தசை அதைத் தாங்கிப் பிடித்து, மெதுவாக இறக்கி வைக்கிறது. ஏறக்குறைய அந்த ஆற்றல் முழுவதும் கால் தசைகளுக்குள் வெப்பமாகிறது.

இங்கேதான் இன்னொரு மேட்டுப்பாளையத்தின் ரயில் எனக்குத் துணைக்கு வருகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை அந்தப் பாதையின் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று, 8.33 சதவீதம்தான். அதற்கே தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் வேண்டியிருக்கிறது. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் அந்தப் பாதையைத் திறந்தவர்களுக்கு, ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் கவலை அதிகம் இருந்திருக்கும். இன்றும் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கத் தனி ஆள் நிற்கிறார். அதன் நீராவி இன்ஜினில் ஒரு நுட்பம் உண்டு. ஏறும்போது உந்தித் தள்ளும் அதே சிலிண்டர், இறங்கும்போது காற்றை உள்ளே அமுக்கித் தடுப்பானாக மாறிவிடும். நம் தொடையும் அப்படியே. தூக்கிய தசைதான் தடுக்கவும் வேண்டும். ஆனால் தசை இரும்பால் ஆனதன்று.

தசை மூன்று விதமாக வேலை செய்யும். சுருங்கிக்கொண்டே இழுப்பது ஒன்று. படி ஏறும்போது அது நடக்கும். நீளம் மாறாமல் விறைத்து நிற்பது இன்னொன்று. நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நின்றால் அது தெரியும். மூன்றாவது, இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள்வது. படி இறங்கும்போது முழங்கால் மடங்குகிறது; மடங்க மடங்கத் தொடையின் முன்தசை நீள்கிறது; நீண்டுகொண்டே எதிர்த்து இழுக்கிறது. குடத்தை இடுப்பிலிருந்து மெதுவாகத் தரையில் இறக்கி வைக்கும்போது கையில் நடப்பதும் இதே.

இந்த மூன்றாவது வகை வேலையின் விசித்திரத்தை 1952-இல் லண்டனில் மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அபட், பிரெண்டா பிக்லண்ட், ரிச்சி. இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலை எதிர்த்துத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் உள்ள விசை ஒன்றுதான். ஆனால் மிதிக்கிறவருக்கு ஆக்சிஜன் பல மடங்கு தேவைப்பட்டது. ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது, சிறிய உடலமைப்புள்ள ஒரு பெண், பெரிய உடலமைப்புள்ள ஓர் ஆண் மிதிப்பதை எளிதாகத் தடுத்து, அவரை மூச்சு வாங்க வைத்தார்.

காரணம் தசையின் உள்ளே இருக்கிறது. தசை இழைக்குள் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் இழையைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கின்றன. சுருங்கும்போது, ஒவ்வொரு முறை பிடியை விடவும் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவாக வேண்டும். நீளும்போது அப்படி இல்லை. வெளியிலிருந்து வரும் சுமையே பிடியைப் பிய்த்துவிடுகிறது. பிய்ந்த தலை உடனே பக்கத்தில் மறுபடி பற்றிக்கொள்கிறது. எரிபொருள் மிச்சம், விசையும் அதிகம். அதிக விசை கிடைப்பதால் மூளை குறைவான இழைகளையே வேலைக்கு அழைக்கிறது. ஆகவே, வேலைக்கு வந்த ஒவ்வோர் இழையின் தலையிலும் கூடுதல் சுமை. மூச்சு சுலபமாக இருக்கிறது, நெஞ்சு அமைதியாக இருக்கிறது, ஆனால் இழை அறுபடும் அளவுக்கு இழுபடுகிறது. இறக்கத்தில் மனிதன் ஏமாறுவது இதில்தான். களைப்பை நாம் மூச்சை வைத்து அளந்து பழகியிருக்கிறோம்.

தசை இழை என்பது சார்கோமியர் என்ற நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோத்த சங்கிலி. இழுபடும்போது எல்லா அலகும் ஒரே அளவு நீளுவதில்லை. பலவீனமானது மற்றவற்றைவிட அதிகமாக நீண்டு, தன் எல்லையைத் தாண்டித் தெறித்துவிடுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் மார்கன் 1990-இல் முன்வைத்த விளக்கம் இது. ஆயிரக்கணக்கான படிகள் இறங்கும்போது இப்படிப்பட்ட நுண்காயங்கள் சேர்ந்துகொண்டே போகும். இழைக்குள் கால்சியம் கசியும்; பிறகு அழற்சி, நீர் கோத்தல். வலி உடனே வராது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வந்த வலி என்று உடற்பயிற்சிக்கூடங்களில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு. அந்த அமிலம் ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும். இந்தத் தாமத வலி இழைக்குள் ஏற்படும் கிழிசலால் வருவது என்று 1902-லேயே அமெரிக்கர் தியோடர் ஹவ் எழுதிவிட்டார்.

வலிதான் திங்கள், செவ்வாயில் வரும், பலக்குறைவு அப்படியில்லை. அது மலையிலேயே தொடங்கிவிடும். கடைசி முன்னூறு படிகளில் முழங்கால் நடுங்குவது அதனால்தான். நடுங்கும் கால் கல்லைச் சரியாக மிதிக்காது. மலையில் சறுக்கி விழுவோரில் பலர் இறங்கும்போது விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடி இறங்கினால் சுமை இன்னும் கூடும். 9 டிகிரி இறக்கத்தில் ஓடும்போது பாதம் தரையில் மோதும் விசை சமதளத்தைவிட 54 சதவீதமும், முன்னோக்கிய வேகத்தைத் தடுக்கும் விசை 73 சதவீதமும் கூடுவதாக 2005-இல் அளந்திருக்கிறார்கள். 9 டிகிரி என்பது சாதாரணச் சரிவு; ராஜகிரிப் படிகள் பல இடங்களில் அதைவிடச் செங்குத்து. எட்டை நீட்டி வைக்காமல், குட்டி எட்டாக, வேகமாக வைத்து இறங்கச் சொல்வதன் பொருள், ஒரே பெரிய அதிர்ச்சியைப் பல சின்ன அதிர்ச்சிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

வெள்ளியங்கிரி போகிறவர்கள் இதை வேறு வழியில் அறிந்து வைத்திருக்கிறார்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் ஏழு மலை ஏறுகிறவர் அபூர்வம். 25 டிகிரிச் சரிவில் இரண்டு ஊன்றுகோல்களோடு இறங்கினால் முழங்கால் மூட்டில் விழும் சுமை 12 முதல் 25 சதவீதம் வரை குறைகிறது என்று ஆஸ்திரியாவில் 1999-இல் அளந்தார்கள். கடையில் விற்கும் அலுமினியக் கோலானாலும் மூங்கில் தடியானாலும் கொஞ்சம் சுமையைத் தோளுக்கு மாற்றுவதுதான் அதன் வேலை. இளைஞர்கள் தடியைக் கையில் எடுக்கக் கூச்சப்படுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. கடற்கரைச் சாலையில் ஓடும்போது கண் கடலைப் பார்க்கலாம், எதிரில் வருகிறவரைப் பார்க்கலாம். கால் தானாக ஓடும். கரடுமுரடான பாதையில் அப்படி முடியாது. 2018-இல் ஜொனாதன் மாத்திஸ், மேரி ஹேஹோ முதலானோர் நடப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியை மாட்டி, பாறை நிறைந்த ஓடைப் படுகையில் நடக்கவிட்டார்கள். பார்வை எப்போதும் சுமார் ஒன்றரை நொடி தூரத்திலேயே இருந்தது. அதாவது, இப்போது வைக்கும் காலை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த இரண்டு மூன்று எட்டு விழப்போகும் இடத்தைத்தான் கண் தேடுகிறது. பாதை மோசமானால் அந்த ஒன்றரை நொடியை விடாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம். ராஜகிரியில் இறங்கும்போது செல்பேசியைப் பார்க்கிறவர் அந்த ஒன்றரை நொடியை இழந்துவிடுகிறார். குரங்குகள் பையைப் பிடுங்க வரும்போது பலர் தடுமாறுவதும் இதே காரணத்தால்; கண் கல்லை விட்டுக் குரங்கின் மேல் போய்விடுகிறது. தின்பண்டத்தைக் கையில் ஏந்திப் போகாதீர்கள்.

தரை சமமில்லாமல் இருப்பதற்கே ஒரு விலை உண்டு. வெறும் 2.5 செ.மீ. ஏற்ற இறக்கமுள்ள தளத்தில் நடக்கும்போது சக்திச் செலவு 28 சதவீதம் கூடியது என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. செஞ்சிப் படிகளில் ஒரு படி அரையடி, அடுத்தது முக்காலடி, அதற்கடுத்தது தேய்ந்து சாய்ந்தது. கி.மீ. கணக்கில் மலையை அளக்கிறவர்கள் நேரக் கணக்கில் தோற்பது இதனால்தான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெயிஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் செல்லும்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதற்கு மேல் 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி. வெயிலுக்கும் கூட்டத்துக்கும் அவர் எதையும் சேர்க்கவில்லை. நம் ஊரில் சேர்த்தாக வேண்டும்.

வெயில் என்றதும் வியர்வை. ஏறும்போது உடம்பு நொடிக்கு சுமார் 500 ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 ஜூல் போகும். மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும் என்பது கணக்கு. எங்கள் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடும், சொட்டியது குளிர்விக்காது. செஞ்சியில் காற்று வறண்டது. வியர்த்தது தெரியாமலேயே காய்ந்துவிடுவதால் குடிக்க மறந்துவிடுகிறார்கள். வேறு சிலர் பயந்து, தாகம் இல்லாமலே வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிக்கிறார்கள். அதுவும் ஆபத்துதான், இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. தாகத்துக்குத் தண்ணீர், கூடவே உப்புப் போட்ட நீர்மோர் என்பது நம் வீட்டு வழக்கம். அறிவியலும் அதைக் குறை சொல்லவில்லை. பிற்பகலானால் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்கிறவர்கள் ஒரு மே மாத மதியத்தில் அந்தப் பாறையைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மலைச்சரிவில் வேகம் என்பதைப் பேசும்போது குரங்கணியைச் சொல்லாமல் போக முடியாது. 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் பிடித்த தீயில் மலையேற்றம் போனவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அதன் இயற்பியல் ஒவ்வொரு மலை நடையாளரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சரிவு 10 டிகிரி கூடும்போதெல்லாம் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 20 டிகிரியில் நான்கு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு. சுடர் சரிவின் மேல் சாய்ந்து, அடுத்துள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சூடான காற்றும் மேலேதான் ஏறும். மனிதனின் வேகமோ சரிவு கூடக்கூடக் குறைகிறது. கீழே தீயைக் கண்டதும் உயரமான இடத்துக்கு ஓடத் தோன்றும். அந்த ஓட்டத்தில் மனிதன் தீயை வெல்ல முடியாது. பக்கவாட்டில் விலகி, மொட்டைப் பாறைக்கோ ஏற்கனவே எரிந்து முடிந்த நிலத்துக்கோ போவதுதான் வழி; பள்ளங்களும் ஓடை மடிப்புகளும் புகைபோக்கிபோல் தீயை இழுக்கும், அங்கே நுழையவே கூடாது. அந்தத் துயரத்துக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. கோடையில் தீக்காலம் வந்ததும் பாதைகளை மூடினால் முணுமுணுக்காமல் வீட்டில் இருக்கலாம்.

மறுபடி தொடைக்கு வருகிறேன். தசைக்கு நினைவாற்றல் போன்ற ஒரு குணம் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் காயப்பட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே இறக்கத்தில் அவ்வளவு காயப்படாது. பல வாரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு நீடிக்கும். முதல் முறை கொடுத்த சுமை சிறிதாக இருந்தாலும் போதும். 1994-இல் எலிகளை ஒரு வாரம் சாய்ந்த டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். இறக்கத்தில் ஓடிய எலிகளின் தொடைத் தசையில், ஏற்றத்தில் ஓடியவற்றைவிட அதிக சார்கோமியர்கள் வரிசையாகச் சேர்ந்திருந்தன. அலகுகள் கூடினால் ஒவ்வொன்றும் நீள வேண்டிய அளவு குறையும், தெறிப்பதும் குறையும்.

எங்களைப் போன்ற சமவெளிக்காரர்களுக்கு இது பெரிய நல்ல செய்தி. மலை இல்லாததால் மலைக்குத் தயாராக முடியாது என்ற எண்ணம் தேவையில்லை. இறங்குவதற்குப் படிக்கட்டு போதும். தைவானில் சென் என்பவரும் ஆஸ்திரேலியாவின் நொசாகாவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமனுள்ள வயதான பெண்கள் முப்பது பேரில் ஒரு பாதியினர் பன்னிரண்டு வாரம் மாடிப்படி ஏறினார்கள். மறு பாதியினர் லிப்டில் ஏறிப் படியில் இறங்கினார்கள். தசை வலு, எலும்பின் அடர்த்தி, இன்சுலினுக்கு உடம்பு இணங்கும் தன்மை ஆகியவற்றில் இறங்கியவர்களுக்கே அதிக முன்னேற்றம். லிப்டில் ஏறாதே, படியில் ஏறு என்றே டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மூச்சு வாங்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும், லிப்டில் போய்விட்டுப் படியில் மெதுவாக இறங்குங்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். மூட்டு நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும்.

செஞ்சிக்குப் போக நினைக்கும் ஓட்டக்காரர் மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்கலாம். நாலு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தால் போதும். முதல் நாள் நாலைந்து முறை, கைப்பிடியை ஒட்டி, சத்தம் வராமல் காலை ஊன்றி இறங்குங்கள். பொத்தென்று விழும் காலில் தசை தடுக்கவில்லை என்று பொருள். மறுநாள் லேசாக வலிக்கும். அந்த வலி முழுக்க ஆறிய பிறகு அடுத்தது. வாரத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறை, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ராஜகிரி ஏறும் ஞாயிறுக்குப் பத்து நாள் முன்பு கடைசி இறக்கத்தை முடித்துவிட்டு, அதன்பின் சமதளத்தில் மட்டும் ஓடுங்கள்.